டாக்டர் வண்டியின் ஒரு மில்லிமீட்டர்

1974-ஆம் ஆண்டு அடி அண்ணாமலை வயல்களில் நாற்பத்தொரு ஆயில் இன்ஜின்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் முப்பத்தாறு, வேடியப்பன் ஒரு முறையாவது பிரித்து மாட்டியவை. மற்ற ஐந்தும் இன்னும் கெட்டுப்போகாததால் அவர் கைக்கு வராதவை.

காலையில் வாசலில் நின்று பல் துலக்கும்போதே காற்றில் வருகிற சத்தத்தை வைத்து நோய் சொல்லிவிடுவார். "காசி கிணத்துல வால்வு தட்டுது. மத்தியானம் வருவான் பாரு" என்பார் மனைவி சந்திரம்மாளிடம். மத்தியானம் காசி சைக்கிளில் வந்து நிற்பார். அந்த இன்ஜின்களுக்கு ஒரே சிலிண்டர். பிஸ்டன் ஓடுகிற துளையின் அகலம், அதாவது போர், எண்பது மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், நூற்றுப்பத்து. நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று. அந்த மூன்று எண்களும் வேடியப்பனுக்குத் தம் பிறந்த தேதியைவிட நன்றாகத் தெரியும். பிறந்த தேதியைப் பள்ளிக்கூடத்தில் உத்தேசமாகத்தான் எழுதியிருந்தார்கள்.

இப்படிப்பட்டவருக்கு முப்பத்தெட்டு வயதுக்குமேல் பொறாமை என்ற ஒன்று வந்ததற்குக் காரணம் ஒரு பிரம்பு நாற்காலி.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி டாக்டர் சகாதேவனின் வீடு. வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மாந்தோப்பும் கிணறும். கிணற்று இன்ஜினை 1966-லிருந்து வேடியப்பன்தான் பார்த்துவந்தார். கிணறு பின்பக்கம் இருந்தது. அதனால் பின்பக்கமாகவே வந்தார், பின்பக்கமாகவே போனார். காப்பி கிணற்றடிக்கே வரும். அதில் குறை இருப்பதாக எட்டு வருடமாக அவருக்குத் தோன்றியதில்லை.

1974 பிப்ரவரி 11, திங்கட்கிழமை, தோன்றியது. கை துடைக்கத் துணி கேட்பதற்காக வீட்டின் பக்கவாட்டில் வந்தவர், முன்கூடத்தைப் பார்த்தார். இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றில் டாக்டர். இன்னொன்றில் கார் மெக்கானிக் சக்கரபாணி, கால்மேல் கால் போட்டு, காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

சக்கரபாணி மெட்ராஸில் ஒரு பெரிய கார் கம்பெனி பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, 1971-ல் செங்கம் சாலையில் தகரக் கொட்டகை போட்டவர். வேடியப்பனைவிட எட்டு வயது இளையவர். வெள்ளைச் சட்டைதான் போடுவார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் இடைவெளி பார்க்கிற கேஜ் இருக்கும். ஒரு வண்டியைத் தொட்டால் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். டாக்டரின் ஃபியட் கார் அவர் பொறுப்பில் இருந்தது.

அன்று மத்தியானம் வேடியப்பன் சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா, சோறு அப்படியே கெடக்குது?" என்றார் சந்திரம்மாள்.

"டாக்டர் வூட்ல நாற்காலி போட்டுக் காப்பி குடுக்கறாங்க."

"உனக்கா?"

"எனக்கு எதுக்குக் குடுக்கறாங்க? அந்தச் சக்கரபாணிக்கு."

"அவன் வெள்ளச் சட்ட போட்டுகினு போறான். நீ போய் உக்காந்தா அப்புறம் நாற்காலிய மண்ணெண்ண ஊத்தித்தான் தொடைக்கணும். சாப்புடு."

வேடியப்பன் சாப்பிட்டார். ஆனால் மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். அரை மைல் சுற்று என்றாலும் சக்கரபாணியின் கொட்டகை வழியாகச் சைக்கிளில் போவார். உள்ளே எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணுவார். மூன்று நின்றால் அன்றைய வேலை ஓடும். ஐந்து நின்றால் ஸ்பானர் கைநழுவும். ஒருநாள் ஏழு நின்றன. அன்று காசியின் இன்ஜினில் கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. சக்கரபாணி அவரைப் பார்க்கும்போதெல்லாம், "வணக்கம் அண்ணா" என்பார். அந்த 'அண்ணா' காதில் விழுந்ததும் வேடியப்பன் பெடலை அழுத்தி மிதிப்பார். திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டலாம்.

மே மாதம் ஒருநாள் டாக்டர் கிணற்றடிக்கு வந்து நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் இன்ஜின் எவ்வளவு நிதானமா ஓடுது, வேடியப்பா! என் வண்டி மலை ஏறும்போது அழுது."

டாக்டர் மாதம் ஒரு முறை, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குப் போய் இலவச வைத்தியம் பார்ப்பார். கூட நர்ஸ் கஸ்தூரியும் நான்கு மருந்துப் பெட்டிகளும்.

"எங்கங்க அழுவுது?"

"அத்திமூர் தாண்டி ஏத்தத்துல, மூணாவது வளைவுல. மூணாவது கியர்ல இழுக்கமாட்டேங்குது. ரெண்டாவதுல போட்டா கத்துது. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது, இன்ஜின் வெடிச்சிடுமோன்னு. சக்கரபாணி கிட்ட சொன்னா, 'இது வேகமா சுத்தி ஓடற இன்ஜின் சார். ரெண்டாவதுல போடுங்க, கத்தினா கத்தட்டும்'ங்கறார். நோயாளிகிட்ட அப்படிச் சொல்ல முடியுமா?"

வேடியப்பனுக்குள் ஒரு கதவு திறந்தது. அவர் தொழிலில் கத்துகிற இன்ஜின் என்றால் நோவுகிற இன்ஜின். நிதானமாக, ஆழமாக, தொம் தொம் என்று அடிப்பதுதான் ஆரோக்கியம்.

"கத்தாம ஏத்திக் காட்டறேங்க. வண்டிய எனக்கு உடுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு வியர்த்தது. அதுவரை அவர் கார் இன்ஜினைப் பிரித்ததில்லை.

ஃபியட்டின் போர் அறுபத்தெட்டு மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் எழுபத்தைந்து. நான்கு சிலிண்டர். பிரித்துப் பார்த்த வேடியப்பனுக்கு முதலில் கண்ணில் பட்டது, ஸ்ட்ரோக் குட்டையாக இருப்பதுதான். தம் இன்ஜினில் ஸ்ட்ரோக் போரைவிட முப்பது மில்லிமீட்டர் நீளம். இதில் ஏழே ஏழு. 'கை குட்டையான பம்பில் தண்ணி எப்படி வரும்? அதனாலதான் இழுக்கல' என்று தீர்மானித்தார். ஆனால் ஸ்ட்ரோக்கை மாற்ற முடியாது. அது பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டுகிற கிராங்க் ஷாஃப்டின் பிறவிக் குணம். மாற்றக்கூடியது போர் ஒன்றுதான். கிணற்று இன்ஜின்கள் இழுவை குறைந்தால், அவர் போர் அடித்து, அதாவது துளையின் உட்சுவரை வழித்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுவார். உடனே பழைய தெம்பு வந்துவிடும். பதினைந்து வருடமாக அப்படித்தான். எனவே போரை அகலப்படுத்தினால் தெம்பு வரும்.

கிணற்று இன்ஜினில் தெம்பு திரும்பியது, தேய்ந்த சுவர் புதிதானதால், நசுங்கவேண்டிய காற்று ஒழுகாமல் நின்றதால். துளை அகலமானதால் அல்ல. இதை அவர் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கிற மனதில் பிரம்பு நாற்காலி போடப்பட்டிருந்தது.

பிளாக்கைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறை தருமனிடம் போனார். தருமன் அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா வேடியப்பா, போர் தேயவே இல்லியே. எதுக்கு அடிக்கணும்?"

"அடி."

"எவ்ளோ?"

"பிஸ்டன் கெடைக்கற கடைசி அளவு. ஒரு மில்லிமீட்டர்."

"பைத்தியமா உனக்கு? நடுவுல நாலு அளவு இருக்குது. கடைசிக்குப் போயிட்டா அடுத்த முறை அடிக்க எடம் கெடையாது. வழிச்ச இரும்பு திரும்பி வராது, தெரியுமில்ல?"

"டாக்டர் வண்டி. நான் பொறுப்பு. அடி."

மே 27-ஆம் தேதி போர் அறுபத்தொன்பது மில்லிமீட்டர் ஆனது. இன்ஜினின் கொள்ளளவு 1089 சிசியிலிருந்து 1122 ஆயிற்று. நூற்றுக்கு மூன்று பங்கு லாபம். ஏழு வாரம் மெதுவாக ஓட்டிப் புதுப் பிஸ்டனைப் பழக்கினார்கள். அந்த ஜூன் மாதம் மட்டும் டாக்டர் மலைக்கு பஸ்ஸில் போனார். சமதரையில் வண்டி நன்றாகவே போனது. டாக்டர் திருப்திப்பட்டார். சந்திரம்மாள் மட்டும், "காரு வேலைக்குப் போறியாம், ஊரே சொல்லுது. சட்ட வெள்ளையா ஒண்ணு வாங்கிக்க" என்றார். வேடியப்பன் உண்மையாகவே ஒன்று வாங்கினார்.

ஜூலை 14, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் ஓட்ட, பக்கத்தில் வெள்ளைச் சட்டையுடன் வேடியப்பன். பின்னால் கஸ்தூரியும் பெட்டிகளும். அத்திமூர் தாண்டியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. டாக்டர் மூன்றாவது கியரிலேயே போனார். "கீழ போடாதீங்க. அதுவே இழுக்கும்" என்றார் வேடியப்பன். மூன்றாவது வளைவில் வண்டி குலுங்கியது. டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது போல ஒரு சத்தம் வந்தது. இன்னும் பத்தடி. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. இன்ஜின் நின்றது.

எந்த இடத்தில் முன்பு திணறியதோ, அதே இடம். முன்பாவது திணறியது. இப்போது செத்தது.

கால் மணி நேரத்தில் மேலே போகிற லாரி ஒன்று வந்தது. டாக்டரும் கஸ்தூரியும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அதில் ஏறினார்கள். டாக்டர் சாவியை வேடியப்பனிடம் கொடுத்தார். "ஆறினதும் கீழ எறக்கிட்டுப் போயிடுப்பா. நாளைக்கு சக்கரபாணிய பாக்கச் சொல்றேன்."

வேடியப்பன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். கீழே சமவெளி வெயிலில் கிடந்தது. சக்கரபாணி நாளைக் காலையில் வெள்ளைச் சட்டையோடு வந்து, இன்ஜினைத் திறந்து, அறுபத்தொன்பது என்று அளந்து, முன்கூடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "அண்ணாவுக்குத் தெரியாது பாவம்" என்று சொல்லும் காட்சி அவர் கண்முன் ஓடியது. அந்தப் 'பாவம்'தான் தாங்கவில்லை.

ஆத்திரத்தில் கணக்குப் போட்டார். எட்டாவது வரை படித்தவர். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தீப்பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் எழுதினார். கிணற்று இன்ஜினில் பிஸ்டன் ஒரு சுற்றுக்கு மேலும் கீழும் இருநூற்றிருபது மில்லிமீட்டர் நடக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு, நிமிடத்துக்கு முந்நூற்று முப்பது மீட்டர். அதுதான் அவருக்குப் பிடித்த நிதானம். ஃபியட்டின் பிஸ்டன் ஒரு சுற்றுக்கு நூற்றைம்பது மில்லிமீட்டர்தான் நடக்கிறது. அதே முந்நூற்று முப்பது மீட்டர் நடக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 2200 சுற்ற வேண்டும்.

மறுபடி போட்டார். அதே 2200 வந்தது.

அப்படியானால் மூன்றாவது கியரில் மலை ஏறும்போது, ஆயிரத்து ஐந்நூறில், இந்த இன்ஜின் நிதானமாக இல்லை, தூங்குகிறது. தூங்குகிறவனைத் தட்டி எழுப்பாமல் மூட்டையைத் தலையில் வைத்திருக்கிறார். சரி, கத்துகிறதே? அதையும் எழுதினார். கிணற்று இன்ஜினுக்கு ஒரு சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. நிமிடத்துக்கு எழுநூற்றைம்பது. ஃபியட்டுக்கு நான்கு சிலிண்டர். 2200-ல் நிமிடத்துக்கு 4400 வெடி. ஏறக்குறைய ஆறு மடங்கு. ஒருவர் பேசினால் பேச்சு, ஆறு பேர் சேர்ந்து பேசினால் சந்தை. யாருக்கும் வலி இல்லை.

ஊரில் தம்மைவிட நல்ல காது யாருக்கும் இல்லை என்று நினைத்திருந்தார். அந்தக் காதுதான் ஏமாற்றியிருக்கிறது. சக்கரபாணி சொன்னது சரி.

இதை ஒப்புக்கொள்ள அவருக்கு இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். ஸ்டார்ட் செய்தார். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை. வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கலாம். ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். சாலையில் முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து, இரண்டாவது கியரில் மேல்நோக்கி விட்டார்.

இன்ஜின் கத்தியது. கத்திக்கொண்டே ஏறியது. மூன்றாவது வளைவு, நான்காவது வளைவு. நடுங்கவில்லை, கூழாங்கல் சத்தம் இல்லை. மலை முழுவதும் அந்த வண்டி, "சக்கரபாணி, சக்கரபாணி" என்று கத்துவது போல அவருக்குக் கேட்டது.

ஜமுனாமரத்தூரில் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு எழுந்து வெளியே வந்தார்.

"ஏறிடுச்சா!"

"ஏறிடுச்சுங்க."

"பாரேன்! சூடாகி ஆறினதும் போர் பண்ணது நல்லாப் பிடிச்சிருக்கு போல. கஸ்தூரி, பாத்தியா? நம்ம வேடியப்பன் ஏத்திக்கிட்டு வந்துட்டாரு!"

சொல்ல வேண்டிய இடம் அது. வேடியப்பன் வாயைத் திறந்தார். வந்தது இதுதான்: "இனிமே தைரியமா ரெண்டாவதுல போங்க டாக்டரய்யா. போர் புதுசு. கத்தினா கத்தட்டும், ஒண்ணும் ஆவாது."

அந்த 'ரெண்டாவதுல'வும் 'கத்தினா கத்தட்டும்' என்பதும் சக்கரபாணியுடையவை.

அடுத்த திங்கட்கிழமை அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை விரித்து, அதன்மேல். காப்பியில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. கிணற்றடிக்கு வருகிற காப்பியில் சரியாக இருக்கும். டாக்டரின் கார் அவர் பொறுப்பில் வந்துவிட்டது.

பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். அது இடம் மாறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. முன்பு சக்கரபாணியிடம் நாற்காலி இருந்தது, அதற்காகப் பொறாமைப்பட்டார். இப்போது சக்கரபாணியிடம் சரியான விடை இருந்தது. அதைத் துண்டு விரித்து எடுத்துக்கொள்ள முடியவில்லை. கொட்டகை வழியாகச் சைக்கிளில் போவதும் நிற்கவில்லை. "வணக்கம் அண்ணா" என்கிற குரலில் சிரிப்பு இருக்கிறதா என்று கவனிப்பார். இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும்.

செய்தி பரவியது. டாக்ஸிக்காரர்கள், "வேடியப்பன் செய்யற மாதிரி கடைசி அளவுக்குப் போர் அடிச்சா வண்டி மலை ஏறும்" என்று வர ஆரம்பித்தார்கள். 1977 வரை ஏழு வண்டிகளுக்கு அடித்தார். ஐந்து தேய்ந்த இன்ஜின்கள், பாதகமில்லை. இரண்டு நல்ல இன்ஜின்கள். அந்த இரண்டின் நம்பரும் அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. தெருவில் அவை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து செயினைச் சரிசெய்வார். செயின் நன்றாகத்தான் இருக்கும். எட்டாவதாக வந்தவரிடம், "உன் வண்டிக்கு வேணாம். ரெண்டாவது கியர்ல போ" என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிதர், "டாக்டருக்கு மட்டும் செய்வாரு, எனக்கு செய்யமாட்டாராம்" என்று கோபித்துக்கொண்டு போனார்.

1981 அக்டோபரில் டாக்டரின் ஃபியட் நீலப்புகை விட்டது. ஆயில் குறைந்தது. போர் தேய்ந்துவிட்டது. ஏழு வருட ஓட்டத்துக்கு அது இயல்புதான். மற்ற வண்டியாக இருந்தால் அடுத்த அளவுக்கு அடித்துவிட்டு இன்னொரு ஏழு வருடம் ஓட்டலாம். இதற்கு அடுத்த அளவு இல்லை.

தருமன் பிளாக்கைத் தட்டிப் பார்த்தார். "அன்னிக்கே சொன்னேன். இப்ப லைனர் எறக்கணும். நாலு துளையையும் நல்லா வழிச்சிட்டு, உள்ள புதுக் குழாய அழுத்தி, அதுல பழைய அறுபத்தெட்டுக்கு அடிக்கணும். வழிக்கறது நான் வழிப்பேன். அழுத்தற பிரஸ் நம்ம ஊர்ல ஒருத்தன்கிட்ட தான் இருக்குது."

"யாருகிட்ட?"

தருமன் செங்கம் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

மூன்று நாள் வேடியப்பன் போகவில்லை. வேலூருக்குக் கொண்டுபோகலாமா என்று பார்த்தார். "வண்டி எப்ப வரும்?" என்று டாக்டர் ஆள் அனுப்பினார். இரண்டாவது ஞாயிறு நெருங்கியது. நான்காம் நாள் பிளாக்கைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

சக்கரபாணி கொட்டகையில் தனியாக இருந்தார். "வாங்க அண்ணா" என்றார். பிளாக்கைப் பார்த்தார். போருக்குள் துளை அளக்கிற கேஜை விட்டு அளந்தார். ஒரு முறை அளந்தால் போதும். நான்கையும் அளந்தார்.

"அறுபத்தொம்போது. கடைசி அளவு."

"ஆமா."

"எப்ப அடிச்சது?"

"எழுவத்தி நாலு. அப்ப போர் தேயல. நல்லா இருந்ததத்தான் அடிச்சேன்."

சொல்லிவிட்டார். சக்கரபாணி சிரிப்பார் என்று காத்திருந்தார். சக்கரபாணி சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய், மூலையில் இருந்த மேஜைப் பக்கம் போய் எதையோ மறைத்துக்கொண்டு நின்றார். மறைக்காமல் இருந்திருந்தால் வேடியப்பன் கவனித்திருக்கமாட்டார்.

மேஜைமேல் நான்கு பிஸ்டன்கள். அம்பாஸடர் பிஸ்டன்கள். சக்கரபாணியின் சொந்த டாக்ஸி பக்கத்தில் இன்ஜின் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. வேடியப்பன் போய் ஒரு பிஸ்டனை எடுத்துக் கரியைக் கட்டைவிரலால் தேய்த்தார். தலையில் 060 என்று குத்தியிருந்தது. அங்குலத்தில் ஆயிரத்துக்கு அறுபது பங்கு, ஒன்றரை மில்லிமீட்டர்; அந்த வண்டிக்கு அதுதான் கடைசி அளவு.

"இது எப்ப?"

"எழுவத்தஞ்சு மார்ச்." சக்கரபாணியின் குரல் இறங்கியிருந்தது. "வேலூர்ல அடிச்சேன். இங்க அடிச்சா தருமன் சொல்லிடுவான்."

"தேஞ்சிருந்துச்சா?"

"இல்லண்ணா."

வேடியப்பன் பிஸ்டனைக் கீழே வைத்தார்.

"நான் படிக்காதவன், அடிச்சேன். உனக்கு இன்னா வந்துது?"

"டாக்டர் வண்டி போச்சே!" என்றார் சக்கரபாணி. "ஊரே உங்க போர், உங்க போர்னுது. நீங்க கத்தாம மலை ஏத்திட்டீங்கன்னாங்க. நான் மெட்ராஸ்ல படிச்சதெல்லாம் தப்போன்னு தோணிப்போச்சு. ரெண்டு மாசம் தூக்கமே இல்ல. தினம் சைக்கிள்ல இந்தப் பக்கம் போவீங்க. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கினே போறா மாதிரி இருக்கும்."

"நானா? நான் உன் வண்டிய எண்ணிகினு போவேன்!"

வேடியப்பன் அந்த நான்கு பிஸ்டன்களையும் வரிசையாக அடுக்கி வைத்தார்.

"கத்தாம ஏத்தல" என்றார் வேடியப்பன். "ரெண்டாவதுல போட்டு, கத்த உட்டுத்தான் ஏத்தினேன். நீ சொன்னதுதான். யாருக்கும் சொல்லல."

சக்கரபாணி தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அடப்பாவி அண்ணா! ஒரு நல்ல பிளாக்க வீணாக்கிட்டேனே!"

தருமன் துளைகளை வழித்துக் கொடுத்த பிறகு, சக்கரபாணி லைனர் அழுத்தும்போது, வேடியப்பன் ஏழு வருடமாகக் கேட்க முடியாததைக் கேட்டார். ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் இழுவை ஜாஸ்திதானே? கை நீளமான பம்பு மாதிரி?

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க" என்றார் சக்கரபாணி. "ரெண்டு இன்ஜின வெச்சுக்குங்க, ஒரே சிசி. ஒண்ணு குறுகலா நீளமா, ஒண்ணு அகலமா குட்டையா. குறுகல்ல கை நீளம், ஆனா பிஸ்டன் சின்னது, மேல விழுற தள்ளு கம்மி. அகலத்துல கை குட்டை, தள்ளு ஜாஸ்தி. பெருக்கிப் பாத்தா சரிக்குச் சரி. வித்தியாசம் மூச்சுலதாண்ணா. குறுகல் போர்ல சின்ன வால்வுதான் வைக்க முடியும். மெதுவா சுத்தும்போதே காத்து வேகமா உள்ள பாயும், நல்லா கலக்கும், அடியிலயே தெம்பு. வேகமா சுத்தினா மூச்சு முட்டும், பிஸ்டனும் ரொம்ப தூரம் ஓடணும். அகலப் போர்ல பெரிய வால்வு. மெதுவா சுத்தினா காத்து சோம்பேறியா வரும். சுத்த உட்டாத்தான் மூச்சு நெறயும். உங்க கிணத்து இன்ஜின் ஒரு கோடி. இந்த ஃபியட் மறு கோடி பக்கம் கொஞ்சம். என் அம்பாஸடர் நடுவுல. அதோட வெயிட்டு, கியர், ஹெட்டு எல்லாம் சேர்ந்ததுதான் வண்டி. போர மட்டும் ஒரு மில்லி வழிச்சா ஒண்ணும் மாறாது."

"ரெண்டாயிரத்து எரநூறு" என்றார் வேடியப்பன்.

"இன்னாது?"

"என் இன்ஜின் பிஸ்டன் ஆயிரத்து ஐந்நூறுல நடக்கற தூரத்த, இது ரெண்டாயிரத்து எரநூறுல நடக்கும். மலையில ஒக்காந்து தீப்பெட்டியில போட்டேன்."

சக்கரபாணி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. "இத யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கலண்ணா" என்றார். அந்தக் குரலில் ஒரு துளி பொறாமை இருந்ததை வேடியப்பனின் காது தவறவிடவில்லை. மனதில் வைத்துக்கொண்டார்.

வண்டியை இருவரும் சேர்ந்து கொண்டுபோய் விட்டார்கள். முன்கூடத்தில் இரண்டு நாற்காலிகள்தான். சக்கரபாணி நின்றார். வேடியப்பனும் உட்காரவில்லை.

"டாக்டரய்யா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வண்டி மலை ஏறினது போரால இல்லீங்க. ரெண்டாவது கியர்ல ஏத்தினேன். இவரு சொன்னதுதான். நல்லா இருந்த போர நான் வீணா வழிச்சிட்டேன். அதனாலதான் இப்ப லைனர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழு வருஷமா நான் ரெண்டாவதுலதான் போறேன். சக்கரபாணி சொன்னப்ப பயமா இருந்தது. நீங்க புது போர்னு சொன்னதும் பயம் போயிடுச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்பவே சொல்லியிருக்கலாம் வேடியப்பன்."

"ஆமாங்க."

டாக்டர் மேஜைமேல் இருந்த கார் சாவியை எடுத்தார். ஒரு நொடி இருவரையும் பார்த்தார். பிறகு சக்கரபாணியிடம் நீட்டினார். "வண்டி இனிமே உங்ககிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மலைக்குப் போகணும், ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு வந்துடுங்க." வேடியப்பன் பக்கம் திரும்பினார். "கிணத்துப் பக்கம் ரெண்டு நாளா சத்தம் சரியில்ல. பாத்துட்டுப் போங்க. காப்பி அனுப்பறேன்."

வேடியப்பன் முன்கூடத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையைக் கடந்து, பின்வாசல் வழியாகக் கிணற்றுக்குப் போனார். பதினைந்து வருடத்தில் முன்கூடத்தைத் தாண்டி அந்த வீட்டுக்குள் அவர் நடந்தது அது முதல் முறை. மொத்தம் முப்பத்திரண்டு அடி.

பின்வாசல் வரை வந்த சக்கரபாணி சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே குரல் கொடுத்தார். "அண்ணா, உங்களுது ஒரு மில்லிமீட்டர். என்னுது ஒன்றரை. அதுலயும் நான்தான் பெரியவன்!"

"போடா" என்றார் வேடியப்பன். அதற்கும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

கிணற்று இன்ஜினில் டீசல் தெளிக்கிற நாஜில்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. கழற்றிக் கையில் எடுத்தபோது, சாலையில் ஃபியட் கிளம்பும் சத்தம் கேட்டது. முதல் கியர். இரண்டாவது. கை நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார். கத்தியது, ஆனால் வலியில்லாமல், சீராக, நான்கும் ஒன்றாக. மூன்றாவதுக்கு அவசரப்படாமல், இன்ஜினை அதன் போக்கில் சுற்றவிட்டு, சரியான இடத்தில் மாற்றினார் சக்கரபாணி. சத்தம் செங்கம் பக்கமாகப் போய்த் தேய்கிறவரை வேடியப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு குறை கிடைக்குமா என்று தேடினார்.

கிடைக்கவில்லை.

"சரியாத்தான் ஓட்டறான், சனியன்" என்று சொல்லிவிட்டு, நாஜிலை மண்ணெண்ணெயில் போட்டார்.